கிறிஸ்துமஸ் காலையில் வந்த அத்தை

போன வாரம் பெங்களூரில் கம்பெனி காரில் மேம்பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தபோது, ஜீவனஹள்ளியிலிருந்து அத்தையின் பக்கத்து வீட்டம்மா அழைத்தார். "சுதா, உங்க அத்தை காலையிலேருந்து கதவே திறக்கலம்மா. உடைச்சு உள்ள போனோம்..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. மேம்பாலத்தில் வண்டியை நிறுத்தவும் இடமில்லை. போனைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

ஞானசுந்தரி அம்மாள் என் கணவர் சாமின் தாயார். ஒரு நர்சிங் ஹோமில் முப்பது வருடம் ஆயாவாக இருந்து, ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவர். நான் இந்துக் குடும்பத்துப் பெண். எங்கள் பதிவுத் திருமணத்துக்கு அவர் வரவில்லை. அதன் பிறகும் என்னிடம் பேசியதில்லை.

திருமணமான இரண்டாம் வருடம் சாம் பைக் விபத்தில் இறந்தார். அடக்கத்தின்போதுகூட நாங்கள் இருவரும் குழியின் ஆளுக்கொரு பக்கம்தான் நின்றோம்.

அந்த டிசம்பரில் எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அபார்ட்மென்டே காலியாகிவிட்டது. எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். அம்மா கூப்பிட்டும் எனக்குப் போகப் பிடிக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று காலை பெல் அடித்தது. இரண்டு பஸ் மாறி வந்த அத்தை, டிபன் கேரியரும் வேதப் புத்தகமுமாக வாசலில் நின்றிருந்தார்.

"உன்ன மாத்தணும்னு வரலம்மா. அவன் தும்மினா எப்படி இருக்கும்னு தெரிஞ்ச இன்னொருத்தி நீ மட்டும்தான்" என்றார்.

சாப்பிட்டோம். கீழே பார்க்கிங்கில் ஒரு பைக் வந்து நின்றது. அத்தை பாதி எழுந்துவிட்டார். நானும்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"உனக்கும் கேக்குதா?"

"தினமும், அத்தை."

"அப்போ எனக்குப் பைத்தியம் இல்ல" என்று சொல்லி மெல்ல உட்கார்ந்தார்.

பிறகு புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "அவன் போனதிலேருந்து எனக்கு ஜெபம் வரல. நீ வாசி, நான் கேக்கிறேன்."

நான் கன்னட மீடியத்தில் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். 'மேய்ப்பர்கள்' என்ற சொல்லில் மூன்று தடவை தடுக்கினேன். அவர் சிரிக்கப் போய், அழுதுவிட்டார். சத்திரத்தில் இடம் கிடைக்காத அந்தப் பெண், தீவனத் தொட்டியில் குழந்தையைக் கிடத்தும் இடத்துக்கு வந்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். மீதியை அத்தை பார்க்காமலே சொல்லி முடித்தார். மாதக்கணக்கில் அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அன்றுதான் கொஞ்சம் காற்று வந்தது.

அதன் பின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்தார். பைக் சத்தம் நிற்கவில்லை. நாங்களும் எழுந்திருப்பதை நிறுத்தவில்லை. ஒருமுறை கேட்டேவிட்டேன்: "கல்யாணத்துக்கு ஏன் வரல, அத்தை?"

"பயம்மா. பரலோகத்துல அவன் எங்கூட இருக்க மாட்டானோன்னு பயம்."

"இப்போ?"

"எங்க இருக்கான்னு தெரியல. யார் கையில இருக்கான்னு தெரியும். அது போதும்."

எனக்கு அது போதுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சில நாட்களில் போதும் என்றும் சில நாட்களில் போதாது என்றும்தான் சொல்லியிருப்பேன். போதாத நாட்களில் நானாகவே போய் அவருடைய சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்காரத் தொடங்கினேன். யாரும் எதுவும் கேட்டதில்லை.

அத்தையின் அடக்கத்தன்று தூறிக்கொண்டிருந்தது. "சொந்தக்காரங்க முதல்ல மண்ணு போடுங்க" என்றார் போதகர். யாரும் முன்வரவில்லை. ஒதுங்கி நின்று எனக்கு வழி விட்டார்கள். ஈர மண்ணைக் கை நிறைய அள்ளிப் போட்டேன். பாதிதான் விழுந்தது. மீதி உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டது, உதறியும் போகவில்லை. அந்தக் கையோடுதான் பஸ் ஏறினேன்.

நிம்மதியாகத் தூங்குங்கள், அத்தை.