நாணை வெட்டின பொன்னுராஜ்

சீனியம்மாள் அக்கா வில்லுப்பாட்டுக்காரி. அவிய வில்லுக்குக் குடம் அடிச்சவன் நான்.

எண்பத்தொம்பதுல அவிய தம்பி சுடலைக்கண்ணுவை எங்க ஊர் டீக்கடை வாசல்ல, பட்டப்பகல்ல வெட்டிக் கொன்னான் பொன்னுராஜ். பாத்தவன் அம்புட்டுப் பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல வாயை மூடிக்கிட்டானுக, பேடிப் பயலுக! பொன்னுராஜ் விடுதலையாகி, மாலை போட்டுக்கிட்டு ஊருக்குள்ள வந்தான்.

மறுவருசம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. வெட்டுப்பட்டுச் செத்துச் சாமியானவன் கதையை அக்கா பாடினாவ. கதையில கொன்னவன் பேரு வர்ற இடத்துல, அதுக்குப் பதிலா, வீசுகோலால நாணை ஓங்கி அடிச்சு, "பொன்னுராஜ்"னு பாடினாவ. நான் குடத்தை நிறுத்தல.

"நிறுத்துட்டி!"ன்னு அரிவாளோட மேடையேறினான் அவன். அக்கா மறுபடியும் அதே பேரைப் பாடினாவ. சத்தத்தை அடக்கணும்னு, வில்லோட முனைகிட்ட குனிஞ்சு நாணையே வெட்டினான், கூறுகெட்ட பய. ஆளை விட நீளமான பனைமரத்து வில்லு. முறுக்கி வளைச்சுக் கட்டினது. நாண் அறுந்ததும் ஒரே விசையில நிமிர்ந்து அவன் மூஞ்சில அடிச்சது. வலது கண்ணு போச்சு. வில்லுமணியெல்லாம் ரத்தத்துல சிதறிக் கிடந்துச்சு.

கண்ணைப் பறிச்சதா அக்கா மேல கேஸு. "எதால அடிச்சே?"ன்னு கேட்டார் வக்கீல்.

"நான் அடிக்கலய்யா. அவன் அறுத்தான், அது நிமிர்ந்துச்சு."

இந்தத் தடவை ஊரே சாட்சி சொல்லுச்சு. விடுதலையாகி வெளிய வந்த அக்காவைச் சுத்தி எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நின்னானுக.

அக்கா சிரிக்கல. "ஏலே, என் தம்பியை வெட்டும்போதும் உங்களுக்கு இதே கண்ணுதானலே இருந்துச்சு?"