விழுந்து வாங்கிய அட்டை

போன வருஷம் புதுக்கோட்டையில் நடந்த மாவட்டத் தேர்வுப் போட்டியில் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். மல்யுத்த மெத்தையின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு நாற்காலி போட்டிருப்பார்கள். மோதுகிற பிள்ளையின் பயிற்றுநர் அதில் உட்கார்ந்துதான் குரல் கொடுக்க வேண்டும். நான் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைக்கக்கூட இல்லை, சட்டையில் பேட்ஜ் குத்திய ஒருவர் வந்துவிட்டார்.

"அட்டை இருக்காம்மா?"

"என்ன அட்டைங்க?"

"அட்வான்ஸ்டு கோச் அட்டை. இல்லேன்னா அங்கிட்டுக் கயித்துக்குப் பின்னாடி போயி நில்லுங்க. இது கோச்சுங்க உக்கார்ற எடம்."

கயிற்றுக்குப் பின்னால் ஐஸ் விற்பவர் மணியடித்துக்கொண்டிருந்தார். என் குரல் அந்த மணியைத் தாண்டவில்லை. நான் பயிற்சி கொடுக்கிற பிள்ளை ஒரு புள்ளியில் தோற்றாள். இறங்கி வந்தவள், "நீங்க கத்துனது கேக்கவே இல்லக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் ஜெயித்தால் மாநிலப் போட்டி. விட்டால் அந்த வயதுப் பிரிவே அவளுக்கு முடிந்துவிடும். அந்த நாற்காலியை எப்படியாவது பிடித்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

நான் மல்யுத்தம் படித்த கதை பெரிய கதையில்லை. கல்யாணத்துக்கு முன்பு கபடி ஆடியவள். காலையில் கீரமங்கலம் சந்தையில் பூ வியாபாரம். சாயங்காலம் பூக்கட்டுகிற வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கப் போய், போனில் பார்த்த வீடியோக்களால் மனம் மாறி மல்யுத்தத்துக்கு வந்தேன். ஒரு பிடியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். பிறகு அதை என் மேலேயே செய்யச் சொல்வேன். தென்னை நார்க்கழிவைப் பரப்பி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டியதுதான் எங்கள் மெத்தை. அதில் விழுந்து விழுந்து, எனக்கு உருப்படியாகத் தெரிந்த வித்தை விழுவது ஒன்றுதான்.

அந்த அட்டையைத் தருகிற உயர்நிலைப் பயிற்சி ஆறு நாள், புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில். முதல் நாள் தொடக்க விழா. நிஜமான மல்யுத்த மெத்தையை அன்றுதான் இவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். அதன் நட்டநடுவில் விருந்தாளிகளுக்குச் சோபா போட்டிருந்தார்கள். எல்லாரும் தெருவில் நடந்த ஷூவோடு ஏறினார்கள். எங்கள் தார்ப்பாயில் செருப்புக் காலை வைத்தால் ஆறாவது படிக்கிற பிள்ளைகூட, "எறங்குங்க மொதல்ல" என்று சொல்லிவிடும். இங்கே பயிற்றுநருக்கெல்லாம் பயிற்றுநர்கள் பொன்னாடை போர்த்திக்கொண்டு அதன் மேல் நடந்தார்கள். எங்கள் சந்தையில் ஒரு கமிஷன் கடைக்காரர் சொல்வார், "தண்ணி தெளிச்ச பூ தராசுல நிக்கும், தலையில நிக்காது" என்று. அன்று அந்த மண்டபம் முழுக்கத் தண்ணீர் தெளித்த பூவாகத்தான் எனக்குத் தெரிந்தது.

வகுப்பெடுத்த சார் வெளியூரிலிருந்து லேப்டாப்போடு வந்திருந்தார். ஐந்து நாளும் படம் காட்டினார். பிள்ளைகளுக்கு அவகாடோ கொடுங்கள், பாதாம் பால் கொடுங்கள் என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "சார், முருங்கக்கீரை குடுக்கலாமா?" என்று கேட்டார். "அது ஸ்லைடுல இல்லையே" என்றார் சார், உண்மையிலேயே வருத்தப்பட்டு. எழுத்துத் தேர்வுக்கான விடைகள் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. கேள்விகள்தான் கொஞ்சம் தாமதமாக வந்தன.

வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூடத்து பி.இ.டி. வாத்தியார்கள். பள்ளியின் அட்மிஷன் பிளெக்ஸில் "சான்றிதழ் பெற்ற மல்யுத்தப் பயிற்சியாளர்" என்று போட நிர்வாகத்துக்கு ஒரு ஆள் வேண்டும், அதற்காக அனுப்பப்பட்டவர்கள். பெண்கள் என்று பார்த்தால் இரண்டே பேர். நானும், விராலிமலைப் பக்கத்துத் தனியார் பள்ளி டீச்சர் ஒருத்தியும். நல்ல பெண், அதையும் சொல்லிவிட வேண்டும். மத்தியானம் தன் எலுமிச்சைச் சோற்றில் பாதியை எனக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். யோகாவும் டிரில்லும் சொல்லிக் கொடுப்பவள். மனுஷ உடம்பை ஒரு தடவைகூடக் கட்டிப் பிடித்துத் தூக்கியதில்லை.

ஐந்தாம் நாள் டீ நேரத்தில் மண்டபத்து வாசலில் பேரம் தொடங்கியது. மறுநாள் செய்முறைத் தேர்வு. ஜோடி ஜோடியாக மெத்தைக்குப் போய் ஒருவரை ஒருவர் தூக்கிப் போட வேண்டும். ஒருத்தருக்கும் தூக்கத் தெரியாது. ஆனால் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒன்று தெரியும். ஆடி மாதம் மொய் விருந்து வைத்து, நீ எனக்குச் செய், நான் உனக்குத் திருப்பிச் செய்கிறேன் என்று கூடிப் பிழைக்கிற சனம் அல்லவா?

"இதுவும் மொய்தான்ணே" என்றார் ஒரு வாத்தியார், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே. "மொதல்ல நீங்க எனக்கு விழுங்க. அப்பறம் நான் ஒங்களுக்கு விழுறேன். மொய்ய மறந்தா மனுசனா?"

"எனக்கு இடுப்பு வலிப்பா."

"அப்ப மெதுவா விழுங்க. விழுறதுல என்ன மானம் கெட்டுப் போச்சு?"

ஊரே சிரித்தது. டீச்சர் என் முழங்கையைத் தொட்டாள்.

"அக்கா, நமக்கும் அப்படியே வச்சுக்குவமா?"

"இது கழுத்து விசயம்மா. வெளையாட்டு இல்ல. சாயங்காலம் ஒரு மணி நேரம் இரு, நான் சொல்லித் தாரேன்."

"வேன் போயிருமேக்கா." கொஞ்சம் யோசித்துவிட்டு, சிரித்த முகமாகவே சொன்னாள். "நாளைக்கு நான் ஒழுங்கா விழலேன்னா ஒங்களுக்கும் மார்க் வராதுல்ல?"

எலுமிச்சைச் சோறு போட்ட கைதான். நானும் கணக்குப் போட்டேன். எனக்கு நாற்காலி வேண்டும். "சரி வா" என்றேன்.

மறுநாள் எங்களுக்கு வந்தது, எதிராளியை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, வில்லாகப் பின்னால் வளைந்து, தலைக்கு மேலாகத் தூக்கி எறிகிற பிடி. இருக்கிற பிடிகளிலேயே கழுத்தை முறிக்கக்கூடியது. கால்கள் தூக்கிக் கொடுக்காவிட்டால், எறிகிறவளின் தலை முதலில் தரைக்குப் போகும்; எதிராளியின் மொத்த எடையும் அதன் மேல் இறங்கும். டீச்சர் என்னைக் கட்டினாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் கட்டிப் பிடிப்பதுபோல் இருந்தது. அவள் அண்ணாந்து சாய்ந்தாள். நானே எம்பினேன். நானே காற்றில் திரும்பி, அவள் முகத்தில் விழாமல் தள்ளிப் போய், முதுகு மெத்தையில் சத்தமாக அறைகிற மாதிரி விழுந்தேன்.

"சூப்பர் மேடம்!" என்று எழுந்தே விட்டார் சார். "எக்ஸ்பிளோசிவ் பவர்!"

என் முறை வந்தபோது டீச்சர் சாக்கு மூட்டையாக விறைத்துப் போய் என் காதைப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் தூக்கினால் அவளுக்கு அடிபடும் என்று பாதியிலேயே இறக்கிவிட்டேன். "பினிஷிங் இல்லையேம்மா" என்றார் சார். இருவரும் தேறினோம். அவளுக்கு என்னைவிட மார்க் அதிகம்.

குழுப் புகைப்படம் எடுத்தபோது அந்த ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். இத்தனை பேரும் நாளைக்குப் பிள்ளைகள் கழுத்தில் கை வைக்கப் போகிறார்கள். அவர்கள் மேல் வந்த அருவருப்பில் என் பங்கைக் கழித்துவிட்டுத்தான் அன்றைக்குப் பஸ் ஏறினேன். காறித் துப்புகிறவன் தன் வாயைப் பார்க்கிறானா?

இந்த வருஷத் தேர்வுப் போட்டியில் அட்டையைக் காட்டி உட்கார்ந்தேன். போன வருஷம் எழுப்பியவரே வந்து, "வாங்க மேடம், தண்ணி வேணுமா?" என்றார். என் பிள்ளை இரண்டு சுற்றில் எளிதாக ஜெயித்து இறுதிக்கு வந்தாள். எதிர் நாற்காலியில் கழுத்தில் அட்டையோடு அந்த டீச்சர். எங்கள் மாவட்டத்தில் மல்யுத்தம் செய்கிற பெண் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், யாரோடாவது மோதித்தானே ஆக வேண்டும்? தூரத்திலிருந்தே கையசைத்தாள். அவளுடைய பிள்ளை ஒல்லியாக இருந்தாலும் துடியானவள்.

கடைசி அரை நிமிஷம். மூன்றுக்கு இரண்டு என்று என் பிள்ளை முன்னால் இருந்தாள். எதிர்ப் பிள்ளை பாய்ந்து வந்து இவளை நெஞ்சோடு கட்டினாள்.

"அன்னைக்குச் சொன்னேன்ல, அதப் போடு! சாஞ்சிரு!" என்று டீச்சர் கத்தினாள்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அந்த எதிர்ப் பிள்ளையின் பாதங்கள் சேர்ந்தே இருந்தன. மோவாய் நெஞ்சில் ஒட்டவில்லை, கூரையைப் பார்த்திருந்தது. தூக்காமலேயே அப்படியே பின்னால் போனாள். இப்படி யாராவது சாய்ந்தால் ஒரு காலை உள்ளே போட்டு, மேலே சரிந்து அமுக்கிவிடு என்று என் பிள்ளைக்கு நான்தான் நூறு தடவை சொல்லிக் கொடுத்திருந்தேன். அவளும் காலை உள்ளே போட்டுவிட்டாள். அமுக்கினால் ஜெயம். அமுக்கினால் கீழே இருப்பது அந்தக் கழுத்து.

"விடு! விடுடி! உருண்டுரு!" என்று கத்தினேன்.

ஐஸ் மணி எதுவும் இல்லை. நன்றாகக் கேட்டது. சொன்ன உடனே என் பிள்ளை பிடியை விட்டு, பக்கவாட்டில் உருண்டாள். உருண்டதில் அவள் முதுகு மெத்தையில் பட்டது. நடுவர் எதிர்ப் பிள்ளைக்கு நான்கு விரலை உயர்த்தினார். ஆறுக்கு மூன்று. நேரம் முடிந்தது.

டீச்சர் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "பாத்தீங்களாக்கா? நான் ஒங்களத் தூக்குனேன்ல, அதே மாதிரி! அச்சு அசல்!"

அவள் பொய் சொல்லவில்லை. அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நான் அவளை விலக்கிவிட்டுப் போய் அந்த ஒல்லிப் பிள்ளையின் பிடரியைத் தடவிப் பார்த்தேன். "வலிக்குதாம்மா?" "இல்லக்கா" என்று சிரித்தது. பிறகு திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

"அன்னைக்கு நீ என்னையத் தூக்கல. நானா குதிச்சேன். நானா விழுந்தேன். இந்தப் புள்ளைக்கு இனிமே அதச் சொல்லிக் குடுக்காத. கழுத்து போயிரும்."

டீச்சரின் முகம் சுருங்கியது. "தோத்துட்டீங்கன்னு இப்படியெல்லாம் பேசலாமாக்கா? சார்தான மார்க் போட்டாரு?" பேட்ஜ் குத்தியவர் அவசரமாக வந்தார். "மேடம், ரெண்டு பேருமே அட்டை வச்சிருக்கவுங்க. இங்க வச்சுப் பேசாதீங்க, அசிங்கம்." அசிங்கம் எதில் இருக்கிறது என்று அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

என் பிள்ளை ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் ஆலங்குடி தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப நீங்க அன்னைக்கு விழுந்ததுக்குத்தான் இன்னைக்கு நான் விழுந்தேனாக்கா?"

"ஆமா" என்றேன்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். இப்போதும் வருகிறாள், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறாள். ஆனால் பயிற்சியின்போது நான் "விடு" என்றால் உடனே விடுவதில்லை. ஒரு தடவை நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள். பார்த்த பிறகுதான் விடுகிறாள்.