எருமப்பட்டியில் எனக்கொரு ரசிகர் கூட்டம்

போன செவ்வாய்க்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எருமப்பட்டிக்குப் போய் வந்தேன். பாராட்டு விழா. எனக்குத்தான்.

போகும்போது காரில் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். வரும்போதும் முன் சீட்டுதான். நடுவில் நடந்ததுதான் கொஞ்சம்... சரி, வரிசையாகவே சொல்கிறேன். எதையும் அவசரமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டிவியில் நிகழ்ச்சி நடத்துகிறவள். பெரிய டிவி இல்லை. நாமக்கல் பக்கத்தில் எங்கள் ஊர் கேபிள்காரர் செல்வம் நடத்துகிற லோக்கல் சேனல். ராத்திரி பத்து மணிக்கு மேல் 'இன்னும் தூங்கலீங்களா' என்று ஒரு நிகழ்ச்சி வரும். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் சுக்குக் காபி, அப்புறம் நான். ஜனங்கள் போன் செய்வார்கள், பேசுவேன். சிலர் மெசேஜ் அனுப்புவார்கள், எழுத்துக் கூட்டிப் படிப்பேன். என் படிப்பு மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. இந்தப் பக்கத்தைக்கூட நான் சொல்லச் சொல்ல, பத்திரிகைக்காரத் தம்பி ஒருவர்தான் எழுதிக்கொள்கிறார்.

இந்த வேலைக்கு நான் மனுப் போட்டு வரவில்லை. சண்டை போட வந்தேன்.

பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் கேபிள் வரவில்லை. போன் செய்தால் ஆபீஸில் எடுப்பதும் இல்லை. ஒரு ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, நேராக அவர்கள் மாடிக்கு ஏறிவிட்டேன். நேயர் விருப்பம் சொல்கிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். அங்கே இருந்தது ஒரே ஒரு நாற்காலி. எனக்கோ முழங்கால் வலி. உட்கார்ந்தேன்.

எதிரில் நின்ற செல்வம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ ஜாடை காட்டினார். எழுந்திரிக்கச் சொல்கிறார் போல என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"வயசானவ ஒருத்தி வந்தா உக்காருன்னு சொல்ல மாட்டியா சாமி? அதையும் உன்ற ஊட்டுல சொல்லித் தரலையா?"

நிதானமாகத் திட்டினேன். கம்பத்தில் ஏறாத அவர் ஆட்களில் ஆரம்பித்து, அவர் கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு உப்புப் போடாதது வரைக்கும் வந்துவிட்டேன். மேஜைக்கு எதிரில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எப்படித் தெரியும்?

ஊரே பார்த்தது. எங்கள் தெரு மட்டும் பார்க்கவில்லை — எங்களுக்குத்தான் கேபிள் வரவில்லையே.

மறுநாள் சந்தையில் கத்தரிக்காய்க்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க்கா, மறுக்கா எப்பத் திட்டுவீங்க?"

அப்படி ஆரம்பித்தது என் பிழைப்பு. சங்ககிரியிலிருந்து லாரி ஏறிப் போனவர்களின் பெண்டாட்டிகள், போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போன மகனைப் பெற்றவர்கள், ராத்திரி ஷிப்ட்டில் தறி ஓட்டுகிறவர்கள்... யாருக்குத்தான் பேச ஆள் வேண்டாம்? இன்றைக்கு என்ன குழம்பு, எந்தப் பக்கம் மழை, மருமகள் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் — எல்லாம் பேசுவோம். ஒரு நாத்தனார் சண்டைக்கு டிவியிலேயே தீர்ப்புச் சொன்னேன். அதற்கப்புறம் இரண்டு பேருமே என்னோடு பேசுவதில்லை. ஆனால் அவர்களுக்குள் சேர்ந்துகொண்டார்கள்.

பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் ஆளை எழுப்பி இடம் கொடுப்பார். கல்யாணத்துக்குப் போனால் 'பாவாயி அக்கா வந்தாச்சு' என்று முதல் பந்திக்கு இழுப்பார்கள். கர்வம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருந்தது. இருக்கிறது.

ஆனால் கொஞ்ச நாளாக அந்த போன் அடிப்பதில்லை. இப்போது எல்லார் கையிலும் ஒரு டிவி. யார் கேபிளைப் பார்க்கிறார்கள்? சில நாள் ஒரு அழைப்புக்கூட வராது. நான் பாட்டுக்குப் பேசிவிட்டு, சுக்குக் காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன்.

இந்தச் சமயம் பார்த்து எனக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்குப் போன நாட்களில் ஹரீஷ் என்று ஒரு தம்பியை என் நாற்காலியில் உட்கார வைத்தார் செல்வம். நல்ல தம்பி. என்னை 'மேடம்' என்பார். மேஜைமேல் ஒரு பெட்டி வைத்திருப்பார். ஒரு பட்டனைத் தட்டினால் கைதட்டல், இன்னொன்றைத் தட்டினால் ஏர் ஹாரன். அவர் பேசுகிற வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்கும்.

கண் கட்டைப் பிரித்துக்கொண்டு வந்தால், செல்வம் தலையைச் சொறிகிறார்.

"அக்கா, ஒண்ணாந் தேதியில இருந்து ஹரீஷே பண்ணட்டுமுங்க்கா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

"நான் ரெஸ்ட் கேட்டனா சாமி?"

"பாக்கறதுக்கு ஆளில்லீங்க்கா. போன் அடிக்குதா, நீங்களே சொல்லுங்க."

இரண்டு பேரும் போனைப் பார்த்தோம். அதுவும் எங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தது.

வயசாகிவிட்டது, விட்டுவிட்டுப் போ என்று உங்களுக்குத் தோன்றலாம். போகலாம். ஆனால் அது நான் சண்டை போட்டு உட்கார்ந்த நாற்காலி. கேட்கிறவர்கள் இருக்கும்போது எழுந்து வந்தால் அது மரியாதை. யாருக்கும் வேண்டாம் என்று எழுப்பிவிட்டால்?

அன்றைக்குச் சாயங்காலம்தான் எருமப்பட்டியிலிருந்து அந்த போன்.

"அம்மா, கோழிப்பண்ணை ரங்கசாமி பேசறனுங்க. எங்க பண்ணையில உங்களுக்கு ஒரு மரியாதை பண்ணோணுமுங்க. இங்க உங்க பேச்சுக்கு இருக்கற கூட்டம் வேற எங்கயும் இருக்காதுங்க."

"ஒரு நூறு பேரு இருப்பாங்களா?" சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"என்னம்மா நீங்க... ஆயிரக்கணக்குல இருக்குமுங்க. ஒரு ராத்திரி தவறாதுங்க."

கீழே வைத்த போனை மறுபடி எடுத்து செல்வத்தைக் கூப்பிட்டேன். "செவ்வாக்கெழம காரை எடு. என்ற கூட்டத்தை உன் கண்ணால பாரு. பாத்துட்டு அப்புறம் ஒண்ணாந் தேதியப் பத்திப் பேசு."

வந்தார். வழியெல்லாம் நான் மனசுக்குள் உரையை ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். 'பெரியோர்களே, தாய்மார்களே' என்று ஆரம்பம்.

பண்ணை கேட்டில் முதலில் கார் டயருக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். இறங்கினால், வாசல் நடுவில் ஒரு பெரிய தட்டு மாதிரித் தொட்டி, அதில் ஊதா நிறத்தில் தண்ணீர். எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்குத்தான் காலைக் கழுவி உள்ளே அழைப்பார்கள். நமக்குமா என்று உள்ளம் குளிர்ந்துபோய், புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி நின்றேன். கழுவட்டும் என்று நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

செல்வம் பின்னாலிருந்து காதோரம் சொன்னார். "அக்கா, அது கோழிக்கு நோவு வராம இருக்கற மருந்துத் தண்ணிங்க. நனைச்சுட்டு நடங்க. பின்னால ஆளு நிக்குது."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

ரங்கசாமியும் அவர் வீட்டம்மா மரகதமும் சால்வை போர்த்தினார்கள். எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். கும்பிட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். பந்தல் இல்லை. மைக் இல்லை.

"மேடை எங்கீங்க?"

"உள்ளதானுங்கம்மா எல்லாம். வாங்க."

நீளமான ஷெட்டு. இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகக் கம்பிக் கூண்டு. கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளைக் கோழிகள். நடுத்தூணில் பாலித்தீன் பை சுற்றிய ஒரு பழைய டிவியைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"இதுதானுங்கம்மா," என்றார் ரங்கசாமி, சாமி சன்னதியைக் காட்டுகிற மாதிரி.

என் ரசிகர்கள் எல்லாரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார்கள்.

செல்வம் முதலில் வாயைப் பொத்தினார். அப்புறம் தூணைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் தீவன மூட்டைமேல் உட்கார்ந்தே விட்டார். கண்ணில் தண்ணீர். ஆபரேஷன் செய்த என் கண்ணிலும் தண்ணீர்தான், ஆனால் அது வேறு.

ரங்கசாமி பாவம், சிரிப்பதற்காகக் கூப்பிடவில்லை. அவர் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தார். வெயில் காலத்தில் கோழி பகலில் தீவனம் எடுக்காதாம். அதனால் ராத்திரி விளக்கைப் போட்டுத் தீவனம் வைப்பார்களாம். அப்போது ஒரு பூனை போனாலும் போச்சு, மொத்த ஷெட்டும் மிரண்டு சிறகடிக்குமாம். மனிதக் குரல் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தால் மிரளாதாம்.

"பாட்டு போட்டுப் பாத்தமுங்க. மெரள்றது நிக்கலீங்க. நியூஸ் போட்டா அதுல ஒருத்தர ஒருத்தர் பாத்துக் கத்தறாங்க, முட்டை கொறஞ்சு போச்சுங்க. உங்க பேச்சுதானுங்க ஒத்து வந்துச்சு. அதுலயும் நீங்க மெசேஜ எழுத்துக் கூட்டிப் படிப்பீங்க பாருங்க... ஒரு எழுத்து, அப்புறம் சித்த நேரம் சத்தமே இல்ல, அப்புறம் அடுத்த எழுத்து. அப்பத்தானுங்க நல்லாத் தீவனம் எடுக்கும்."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா? சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"உங்க ஆபரேஷன் டைம்ல ஒரு தம்பி வந்தாருங்களே," என்றார் மரகதம். "அவரு ஹாரன் அடிச்ச அன்னைக்கு நான் அழுதே போட்டனுங்க. கோழியெல்லாம் மேல கீழ உழுந்து—"

அவர் முடிப்பதற்குள் செல்வத்தின் போன் அடித்தது. அவர் போனில் ரிங்டோனாக வைத்திருந்தது ஹரீஷ் தம்பி ஏற்றிக் கொடுத்த அதே ஏர் ஹாரன்.

ஷெட்டே எழும்பியது. ஆயிரக்கணக்கான சிறகு ஒரே நேரத்தில் அடித்தால் என்ன சத்தம் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தூசி, இறகு, கூச்சல். செல்வம் போனை நிறுத்தப் பார்த்து, கை தவறிக் கீழே போட்டார். கீழே கிடந்தும் அது அடித்தது.

"பேசுங்கம்மா," என்று கத்தினார் ரங்கசாமி. "ஏதாச்சும் பேசுங்க."

பெரியோர்களே தாய்மார்களே மறந்துபோயிற்று. செல்வம் மூட்டைக்கு அடியில் போனைத் துழாவிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குப் பழைய கோபம் தானாக வந்துவிட்டது.

"ஏஞ்சாமி செல்வம்..." என்று ஆரம்பித்தேன். "நாலு பேரு இருக்கற எடத்துக்குப் போனா... போன அமுத்தி வெக்கோணும்னு... உனக்குத் தெரியாதா? தெரிஞ்சிருந்தா... அன்னைக்கு உன்ற கல்யாணத்துல... சாம்பாருக்கு உப்புப் போட்டிருக்க மாட்டியா?"

கிட்டத்தில் இருந்த கூண்டு அடங்கியது. நான் நிறுத்தவில்லை. கம்பம், கேபிள், எங்கள் தெரு, ஒன்றாந் தேதி... ஒவ்வொன்றாக எடுத்தேன். அவசரப்படாமல் எடுத்தேன். அமைதி அப்படியே வரிசை வரிசையாக அந்தக் கோடி வரைக்கும் நடந்து போனது. செல்வம் மூட்டையில் கை கட்டி உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். கோழிகளும் கேட்டன.

பேசி முடித்தபோது ஒரு சத்தமும் இல்லை. எங்கிருந்தோ ஒரு முட்டை மட்டும் மெதுவாக உருண்டு வந்து கம்பியில் நின்றது.

ஹரீஷ் தம்பியின் கைதட்டல் பெட்டியில் அந்த மாதிரி அமைதிக்கு ஒரு பட்டன் உண்டா?

திரும்பி வரும்போது பாதி வழியில் செல்வம் காரின் வேகத்தைக் குறைத்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, இந்தச் சுத்துப்பட்டுப் பண்ணையெல்லாம் நம்ம கேபிள்தானுங்க."

"ஓகோ."

"ராத்திரி நீங்களே பண்ணுங்க்கா. ஹரீஷுக்குக் காலையில குடுத்தர்லாம்."

"காலையில கோழி முழிச்சிருக்குமே சாமி."

"அப்ப மத்தியானம்..."

"மத்தியானம் மட்டும் தூங்கீருமா?"

யோசித்தார். கடைசியில், ஹரீஷ் தம்பி எந்த நேரத்தில் வந்தாலும் பெட்டி இல்லாமல் வர வேண்டும் என்று முடிவானது.

விஷயம் எனக்கு முன்னாடியே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு சரசு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க்கா, கோழிக்கெல்லாம் கதை சொல்றீங்களாமா?"

"ஆமா அம்மிணி. நீயும் கேளு, பொறுமை வரும்."

உண்மையைச் சொன்னால் அன்றைக்குச் சாயங்காலம் வரை மனசு கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது. இத்தனை வருஷமும் ஊருக்குப் பேசுகிறோம் என்று நினைத்தோமே என்று. அப்புறம் யோசித்தேன். என் சொந்த அக்காள் மகனே நான் ஒரு சங்கதி ஆரம்பித்தால் பாதியில் போனை எடுத்துவிடுகிறான். கடைசி வரைக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டது யார்?

ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்தேன். எப்போதும் போல "என்னங்க, சாப்புட்டீங்களா?" என்றேன். கொஞ்சம் விட்டு, "தண்ணி குடிச்சீங்களா?" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

போன் அடிக்கவில்லை. அடிக்காவிட்டால் என்ன? என் ரசிகர்களிடம் போன் இல்லை — ரிமோட்டும் இல்லை.