மஞ்சள் பூசிய பின்னங்கால்

நான் மாடு பார்க்கிறவள். வைத்தியம் பார்ப்பதில்லை. மாடு எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறேன். ஒரு தனியார் பால் கம்பெனி, தனக்குப் பால் ஊற்றும் பண்ணைகளுக்கெல்லாம் என்னை அனுப்புகிறது. மாடு நொண்டுகிறதா, விலா எலும்பு தெரிகிறதா, தண்ணீர்த் தொட்டி அதன் வாய்க்கு எட்டுகிறதா, பின்னங்கால் முட்டியில் புண் இருக்கிறதா, படுத்து நிம்மதியாக அசை போடுகிறதா என்றெல்லாம் பார்த்து பண்ணைக்கு மார்க் போட வேண்டும். செஞ்சியைச் சுற்றி என் ஸ்கூட்டி நிற்காத கொட்டகை இல்லை. போனதும் கேட்பார்கள், "லோன் தருவீங்களா?" இல்லை என்று சொன்னால், "அப்ப இன்னாத்துக்கு வந்த?"

மரியாதை அந்த இரண்டு கேள்விக்குள் தீர்ந்துவிடும். அது எனக்குப் பழகிவிட்டது. பசுவைத் தெய்வம் என்று சொல்லிக்கொண்டே அதை வெறும் சிமெண்டில் கட்டிப்போடுகிறவர்களின் பேச்சுதான் பழகவில்லை.

மேல்மலையனூர் சாலையில் ஒரு வேர்க்கடலை வியாபாரியின் பண்ணை இருக்கிறது. கடைத்தெருவில் அவருக்கு மண்டி, அதன் பின்னால் கடலை உடைக்கும் மில். பரம்பரையாகத் தராசு பிடித்த குடும்பம், புதிதாகப் பால் பக்கம் வந்திருந்தது. நான் முதலில் அங்கே போனது ஓர் அமாவாசை அன்று. கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் ஒவ்வொன்றும் என்னைச் சாலை ஓரத்துக்குத் தள்ளின. தூசி தின்றபடி போய்ச் சேர்ந்தேன்.

கொட்டகை வாசலில் பெரிய கோமாதா படம். அதைச் சுற்றி சீரியல் லைட் மின்னியது. உள்ளே கற்பூர வாசனை. எல்லா மாட்டையும் குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, கழுத்தில் சாமந்தி கட்டியிருந்தார்கள். கால்களில் மஞ்சள். லேசாக அல்ல, சுவருக்கு அப்புவதுபோல் அப்பியிருந்தார்கள்.

"வாங்க மேடம். எங்க ஊட்டு லட்சுமிங்கள பாருங்க. புள்ளைங்க மாதிரி வச்சிருக்கேன்" என்றார் வியாபாரி.

பார்த்தேன். பால் கறந்து, தீனி தின்று முடித்த நேரம். இந்த நேரத்தில் மாடு படுத்திருக்க வேண்டும். ஒன்றுகூடப் படுக்கவில்லை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த ஒரு பசு, முன்னங்காலை மடக்கிப் பாதி இறங்கியது. உடனே எழுந்துகொண்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி இறங்கியது. மறுபடி எழுந்தது. பிறகு அந்த எண்ணத்தையே விட்டுவிட்டு, பின்னங்காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றது. மஞ்சளுக்கு அடியில் அதன் முட்டி பெரிதாகத் தெரிந்தது.

"ஒரு பக்கெட் தண்ணி குடுங்க" என்றேன்.

"குடிக்கவா மேடம்? செம்புல கொண்டாரச் சொல்றேன்."

"மஞ்சளக் கழுவ."

அதற்குள் வீட்டுக்காரம்மா வந்துவிட்டார். மஞ்சள் பூசியது அவர்தான் போல, கை இன்னும் மஞ்சளாக இருந்தது.

"அமாவாசையும் அதுவுமா மஞ்சள அலம்புறேன்ற? நீ தாலி கட்னவதான?"

"கட்னவதாம்மா. என் முட்டியில புண்ணு இருந்தா மஞ்சளப் பூசி மறைக்க மாட்டேன். மருந்து போடுவேன்."

பக்கெட் யாரும் தரவில்லை. தொட்டியிலிருந்து கையால் மொண்டு நானே கழுவினேன். மயிர் உதிர்ந்து, தோல் கிழிந்து, ஒரு மாங்காய் அளவுக்கு வீக்கம். பக்கத்து மாட்டைக் கழுவினேன். அதற்கும் புண். அதற்கு அடுத்ததற்கும். சிமெண்டில் எழுந்து படுத்து, எழுந்து படுத்துத் தேய்ந்த புண்கள். பூஜை என்ற பெயரில் அத்தனைக்கும் பூச்சு வேலை செய்திருந்தார்கள்.

"மாடுன்னா இதெல்லாம் இருக்கும்" என்றார் வியாபாரி.

"இப்பத்தான லட்சுமின்னீங்க?"

அவர் முகம் சிவந்தது. நான் விடவில்லை. "இங்க ஒரு தடவ முட்டி போடுங்க. இந்த சிமெண்ட் மேல. தொப்புனு போடுங்க."

"எனக்கு முட்டி வலி" என்றார், யோசிக்காமல்.

"தெரியும். மண்டியில பஞ்சு மெத்த போட்டுத்தான உக்காந்திருக்கீங்க? கடலத் தோலு உங்க மில்லு பின்னாடி மலையா கெடக்குது. அத அள்ளி இங்க கொட்டுனா மாடு படுக்கும். காசு செலவா, ஒண்ணா?"

"தோலு செங்கச் சூளைக்குப் போவுது" என்றார். பிறகு, கணக்கு முடித்தவர்போல நிமிர்ந்தார். "இந்தாம்மா, இந்தச் சுட்டி மாட்டாலதான மார்க் கொறையுது? நாளைக்கே மாட்டு யாவாரிய வரச்சொல்லி ஏத்தி உட்டுர்றேன். அப்பால வந்து பாரு, எல்லாம் சுத்தமா இருக்கும்."

கம்பெனி விதியை என்னைவிட அவர் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். மார்க் குறைந்தால் நான் மறுபடி வந்து பார்ப்பேன். அன்றைக்கு நிற்கிற மாடுகளுக்குத்தான் மார்க். நொண்டி மாட்டை அடிமாடாக லாரியில் ஏற்றிவிட்டால் பண்ணையில் நொண்டி இல்லை, மார்க் ஏறிவிடும். மேல்சித்தாமூர் பக்கம் ஒருவன் இப்படித்தான் செய்தான். நான் மறுபடி போனபோது காலி முளைக்குச்சியைக் காட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு நான் முழு மார்க் போட வேண்டியிருந்தது. மாட்டின் நலம் பார்க்கிற திட்டமாம்.

சுட்டிப் பசுவின் காதைப் பிடித்தேன். அதில் நம்பர் போட்ட மஞ்சள் வில்லை இருந்தது. போனில் படம் எடுத்தேன்.

"நான் திரும்ப வர்றப்ப இதே காது, இதே நம்பரு, இதே எடத்துல இருக்கணும். இது படுத்திருக்கணும். இல்லன்னா மொத்தப் பண்ணைக்கும் முட்டதான்."

அப்படி ஒரு விதி கிடையாது. நானாகச் சொன்னது. முகத்தை மாற்றாமல் சொன்னேன்.

வியாபாரி அன்றைக்கே கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார். என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"மாட்டுக்கு மார்க் போடச் சொன்னா, நீ இன்னா மாட்டுக்கு வக்கீலா?"

"அதுக்கு வாய் இல்ல சார். யாராச்சும் பேசணும்ல?"

"ரூல்ல இல்லாதத நீ எப்டிச் சொல்லலாம்? அவரு பெரிய பார்ட்டி. பால வேற கம்பெனிக்குத் திருப்பிட்டா நீயா ஊத்துவ?"

"அப்ப ரூல்ல சேத்துருங்க சார்."

போனை வைத்துவிட்டார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. இந்த வெயிலில் சாணி மிதித்து ஊர் ஊராகப் போக வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுபடி போகிற நாள் வரைக்கும் எனக்கு அந்தச் சுட்டிதான் கண்ணில் நின்றது. திண்டிவனம் சாலையில் மாட்டு லாரியைப் பார்த்தால் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். டீக்கடையில் நிறுத்தியிருந்த ஒரு லாரியின் டிரைவர் கேட்டான், "இன்னாக்கா, மாடு தொலஞ்சிடுச்சா?" இன்னும் தொலையவில்லை என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

திரும்பப் போனேன். கோமாதா படத்தில் லைட் எரியவில்லை. விசேஷ நாள் இல்லை அல்லவா.

சுட்டி இருந்தது. படுத்திருந்தது. அடியில் ஒரு முழம் உயரத்துக்குக் கடலைத் தோல். அது சிதறாமல் சுற்றி செங்கல் வைத்திருந்தார்கள். முட்டியில் வீக்கம் வடிந்து, புதிய மயிர் பூனை முடிபோல முளைத்திருந்தது. கிட்டப் போனேன். எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தபடி அசை போட்டது.

மற்ற மாடுகள் எல்லாம் அதே வெறும் சிமெண்டில் நின்றுகொண்டிருந்தன. சுட்டிக்கு அடுத்த மாடு கயிற்றை இழுத்துக் கழுத்தை நீட்டி, அந்தத் தோல் மெத்தையின் ஓரத்தில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது.

"நீ சொன்ன மாட்டுக்குச் செஞ்சாச்சு. மார்க்கப் போட்டுட்டுக் கெளம்பு" என்றார் வியாபாரி.

"மத்ததுங்களுக்கு?"

"மத்ததப் பத்தி நீ சொல்லவே இல்லியே?"

வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "எங்களுக்குக்கூட இப்படி மெத்த இல்ல. ராணி கணக்கா படுத்துக் கெடக்குது. நல்லா இருப்பான் உன்ன அனுப்புனவன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் செங்கல் ஒன்றை எடுத்து எங்காவது எறிந்திருப்பேன். எறியவில்லை. தாடையை நீட்டி நின்ற மாட்டிடம் போனேன். காதைப் பிடித்து, மஞ்சள் வில்லையைப் படம் எடுத்தேன்.

"இன்னாம்மா பண்ற?"

"அடுத்த தடவ இது."

"ஒவ்வொண்ணா வருவியா நீ?"

"வருவேன்."

மூன்றாவது மாட்டின் காதைப் பிடித்தேன். வியாபாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொட்டகையின் கடைசி வரைக்கும் பார்த்தார். எத்தனை காது என்று மனசுக்குள் எண்ணியிருப்பார். தராசு பிடித்த குடும்பம். பிறகு போனை எடுத்து மில்லுக்குக் கூப்பிட்டார்.

"டேய், சூளைக்கு ஏத்துன தோல இங்க திருப்பு. ஆமாடா, மொத்தமா. இந்தப் பொம்பள மூஞ்சில நான் இனிமே முழிக்கக் கூடாது."

டிராக்டர் வந்து கொட்டுகிற வரைக்கும் நான் அங்கேயே ஸ்கூட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர்கூட யாரும் தரவில்லை.