ஆறேகாலுக்கு அறுந்த இணைப்பு

2024 ஜனவரி 9 – புது ரவுட்டர் – ரூ. 9,800
ஜனவரி 22 – ஹட்டன் கடையில் லெப்டொப் பார்த்த கூலி – ரூ. 2,500
பெப்ரவரி 3 – ரவுட்டரை இடம் மாற்ற வயர், ஆணி – ரூ. 1,140
பெப்ரவரி 10 – எலுமிச்சம்பழம், பூசணிக்காய், கற்பூரம் – ரூ. 1,350
அதே நாள் – பூசாரிக்கு – ரூ. 2,000

இவ்வளவு செலவுக்குப் பிறகும் பெப்ரவரி 12, திங்கட்கிழமை மாலை ஆறேகாலுக்குப் பூரணியின் லெப்டொப்பில் வைஃபை போய்விட்டது. திரையில் இருந்த ஆறு பிள்ளைகளின் முகங்களும் அசையாமல் நின்று, பிறகு ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியாக மறைந்த சிறுமி ஏதோ கேட்க வாயைத் திறந்திருந்தாள்.

தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அழகுமுத்துவின் குரல் வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீட்டுக்காரர். ஒரு வீட்டில் தும்மினால் மற்ற வீட்டில் கேட்கும் சுவர் அது.

"என்ன டீச்சரம்மா, சத்தத்தக் காணோம்? சுதாகரன் வந்துட்டானா? உசுரோட இருக்கையில காலையில பேரு குடுக்கிற பெரட்டுக்குக்கூட இம்புட்டு ஒழுங்கா வந்து நிக்கமாட்டானே!"

"சும்மா இருங்கண்ணே," என்றாள் பூரணி. சொன்ன வாய் சிரித்தது போலிருந்தாலும், மவுசை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள்.

பூரணி ராகலைப் பக்கத்துப் பெண். பள்ளியின் கடைசி வகுப்பான உயர்தரம் வரை படித்தவள். லிந்துலைக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்துக்குச் சுதாகரனைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவன் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தான். பிள்ளை இல்லை. தோட்டத்து முன்பள்ளியில் சில காலம் சொல்லிக்கொடுத்தாள். அதை மூடிய பிறகு கொழும்பில் ஒரு கல்வி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வளைகுடா நாடுகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தபடியே தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஞாயிறு தவிர எல்லா நாளும் மாலை ஆறு முதல் ஏழு வரை. பழைய லெப்டொப் ஒன்றைச் சுதாகரன்தான் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். வாங்கிக் கொடுத்தவனுக்கே பிறகு அது பிடிக்கவில்லை. "பொழுது சாஞ்சா நம்ம வீட்டுல மனுசருக்கு எடமில்ல, எல்லாம் டுபாய்க்காரன் புள்ளைங்கதான்" என்று வாசலில் நின்று முணுமுணுப்பான்.

2023 ஒக்டோபர் 19, வியாழக்கிழமை மாலை ஆறேகால், வெளியே நல்ல மழை. அவன் வாசலில் வந்து நின்று, "பூரணி, ஒரு நிமிசம் வா" என்றான். பாடம் நடந்துகொண்டிருந்தது. அவள் திரும்பாமலே, பொறு என்று கையை மட்டும் உயர்த்தினாள். அவன் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். ஃபெக்டரி ரோட்டில் மண்மேடு சரிந்து அவனை மூடியது. எதற்காகக் கூப்பிட்டான் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

டிசம்பரில் மறுபடி பாடம் தொடங்கிய நாளிலிருந்து, அவன் வந்து நின்ற அதே நேரத்துக்கு இணைப்பு அறுந்தது. மறுபடி பிடித்து, பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைப்பதற்குள் பாடம் முடிந்துவிடும். நிறுவனத்தின் முறை கண்டிப்பானது: முதற்கடிதம், இரண்டாம் கடிதம், அதற்குப் பிறகு வருவது கடைசிக் கடிதம். அதோடு வேலை முடிந்தது. முதல் இரண்டும் வந்துவிட்டன. மூன்றாவதும் வந்தால் கொழும்பில் எங்காவது வீட்டுவேலைக்குப் போவதைத் தவிர வழியில்லை. கண் மங்கிய மாமியார் வேலாயியை இந்த மலையில் தனியாக விட்டுத்தான் போகவேண்டும்.

வேலாயிக்கு இந்தக் கவலை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இணைப்பு அறுந்ததும் பூரணி காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றுவாள். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் வேலாயி மெல்லக் கேட்பாள்:

"வந்துட்டானா தாயி?"

பூரணி மறுபடி இணைப்பைத் தேடுவாள். கிழவி வாசலைப் பார்த்து, "மழையில நிக்காத, உள்ள வாய்யா" என்பாள். வாசலில் பனிமூட்டம்தான் இருக்கும். ஆனாலும் பூரணி அந்தப் பக்கம் பார்க்கமாட்டாள்.

பெப்ரவரி 26ஆம் திகதி நிறுவனத்திலிருந்து லோஜனா என்ற பெண் போனில் பேசினாள். கணினிக் கோளாறுகளைப் பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"அக்கா, நெட் விழேக்க உங்கட போனில வைஃபை நிக்குதோ?"

"போன்ல நிக்குதுங்க. லெப்டொப்ல மட்டும்தான் போகுது."

"அப்ப ரவுட்டரில பிழை இல்லை. அதை மாத்தினது வீண் காசு. சரி, பகலில வேலை செய்யேக்க விழுறேல்லையோ?"

"இல்லீங்க. ஆறேகாலுக்கு மட்டும்தான்."

"நேரம் பாத்து விழுறதெண்டா வீட்டில ஆரோ என்னவோ செய்யினம் அக்கா. அந்த நேரம் என்ன நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காதுங்க. எங்க அத்த அவரு படத்துக்கு லைட்டு போடுவாங்க. அம்புட்டுதான்."

"லைட்டை எந்தப் பிளக்கில குத்துறவா?"

பூரணி போனைக் காதில் வைத்தபடியே எழுந்து அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

அந்த லயத்தில் இறந்தவர் படத்துக்கு ஒரு வருடம் விளக்கு வைப்பார்கள். முன்பு எண்ணெய் விளக்குத்தான். மேல்லயம் ஒரு தடவை விளக்கிலிருந்து பற்றி எரிந்து சாம்பலான பிறகு எல்லா வீட்டிலும் சிவப்பு பல்புக்கு மாறிவிட்டார்கள். சுதாகரன் படம் இருக்கும் உள்ளறையில் பிளக் ஒன்றே ஒன்று. பொழுது சாய்ந்ததும் வேலாயி தடவித் தடவிப் போய், அதிலிருந்த லெப்டொப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பல்பைக் குத்துவாள். படுக்கப் போகும்போது பல்பைப் பிடுங்கிச் சார்ஜரைக் குத்துவாள். சுவரைப் பார்த்து, காதை அடைத்துக்கொண்டு பாடம் சொல்லும் பூரணிக்கு இது தெரியவே இல்லை.

"ஓம் அக்கா, அதுதான் விசயம்," என்றாள் லோஜனா. "கரண்ட் போனவுடன பெட்டரியை மிச்சம் பிடிக்க எண்டு அது வைஃபையை நித்திரையாக்குது. நான் சொல்லச் சொல்ல அமத்துங்கோ."

ஒன்றுக்குள் ஒன்றாகப் பல பெட்டிகள் திறந்தன. கடைசியில் ஒரு வரி: மின்சக்தியைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினியை அனுமதி. அதன் முன்னால் ஒரு சரி அடையாளம். பூரணி அதை எடுத்துவிட்டாள்.

அன்று மாலை பல்பு எரிந்தது, பாடம் நிற்கவில்லை. ஏழு மணிக்கு ஹெட்போனைக் கழற்றியபோது வேலாயி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு ஏன் தாயி வரல?"

பூரணி பக்கத்தில் உட்கார்ந்து, பிளக்கைப் பற்றி எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள்.

"அந்த லெப்டொப் பெட்டி உள்ளுக்கேயே கரண்ட வச்சிருக்கும், புடுங்கினாலும் நிக்காதுன்னு அவன்தானே எங்கிட்டச் சொன்னான்," என்றாள் வேலாயி. பிறகு கேட்டாள்: "அப்ப இத்தன நாளும் புடுங்கினது நாந்தானா?"

"ஆமாங்க அத்த."

"சரி. நேரம் தவறாம என் கையப் புடிச்சு அங்க கூட்டிக்கிட்டுப் போனது யாரு?"

அன்று முதல் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவள் எதிர்பார்த்தது போல இல்லை. ஆறேகால் ஆகும், பிள்ளைகள் சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பார்கள், முதுகுப் பக்கம் வெறுமையாக இருக்கும். முன்பு திரும்பிப் பார்க்கப் பயந்தவள், இப்போது பாடத்தின் நடுவே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வேலாயி சரியாகச் சாப்பிடவில்லை. அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. பாடம் இல்லாத நாள். பூரணி லெப்டொப்பைத் திறந்து அந்தச் சரி அடையாளத்தை மறுபடி போட்டாள். ஏதோ ஒரு கோயில் திருவிழாவின் நேரலையை ஓடவிட்டாள். வேலாயி போய் பல்பைக் குத்தினாள். கொஞ்ச நேரத்தில் மேளக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. சத்தம் அறுந்தது.

"வந்துட்டான்," என்றாள் வேலாயி.

"ஆமாங்க அத்த," என்றாள் பூரணி. அன்று கிழவி இரண்டு ரொட்டி சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். இரவு படுக்கும் முன் பூரணி அடையாளத்தை எடுத்துவிடுவாள். திங்கட்கிழமை பாடம் ஒழுங்காக நடக்கும். அழகுமுத்து மட்டும் ஒருநாள் வாசலில் மறித்துக் கேட்டார்:

"ஏம்மா, ஆறு நாளு டீச்சர் வேல, ஏழாவது நாளு பூசாரி வேலயா? பூசாரிக்குக் குடுத்த ரெண்டாயிரத்தத் திருப்பிக் கேளு."

"நீங்களும் வந்து ஒக்காருங்கண்ணே, உங்க தங்கச்சியக் கூப்பிட்டுத் தர்றேன்." அவருடைய தங்கை ராக்காயி இறந்து நாலு வருடமாகிறது. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஏப்ரல் 22, திங்கட்கிழமை நிறுவனத்தின் பரிசோதகர் திரைவழியே பாடத்தைப் பார்க்க வருவதாக அறிவித்தார்கள். அன்று தடங்கல் வரக்கூடாது, வந்தால் இனிக் கேள்வி இல்லை என்று லோஜனா இரண்டு தடவை போன் பண்ணிச் சொன்னாள். அதே திகதி சுதாகரனின் பிறந்தநாள். வேலாயி காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்: "இன்னைக்கு அவன் வராம இருக்கமாட்டான்." அவனுக்குப் பிடித்த மாசிக் கருவாட்டுச் சம்பல் அரைத்து, ரொட்டி சுட்டுப் படத்துக்கு முன்னால் மூடிவைத்தாள்.

ஐந்தே முக்காலுக்குப் பூரணி லெப்டொப்பைத் திறந்தாள். முந்தின இரவு அடையாளத்தை எடுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து அந்த வரிக்கு வந்தாள். அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோய் வைத்தாள். பின்னால் வேலாயி பல்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பூரணி அம்புக்குறியை நகர்த்தி, பெட்டிகளை அப்படியே மூடினாள்.

பாடம் ஆறு மணிக்குத் தொடங்கியது. பரிசோதகர் சிரித்தபடி தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறேகாலுக்கு அவர் முகம் அசையாமல் நின்று, மறைந்தது. பூரணி ஹெட்போனைக் கழற்றினாள். மறுபடி இணைக்க முயலவில்லை. நாற்காலியைத் திருப்பி, அவன் அன்று நின்று கூப்பிட்ட வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க," என்றாள்.

அன்று பாடம் திரும்பத் தொடங்கவில்லை. லோஜனா விடாமல் போன் அடித்தாள், யாரும் எடுக்கவில்லை. கொழும்பிலிருந்து கடைசிக் கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வந்து சேர்ந்தது 2024 ஏப்ரல் 29, திங்கட்கிழமை.