மாட்டு ஜோடிக்கு நான் கொடுத்த மதிப்பெண்

தவறு என்று தெரிந்த ஒரு விதியைச் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதனால் ஒரு பெண் தன் வயலை இழந்தாள்.

குத்தகைதாரர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்திருந்த சமயம். தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்தில் புள்ளியியல் உதவியாளராக இருந்தேன். மனுக்கள் மூட்டை மூட்டையாக வந்தன. குத்தகைதாரர் என்று பதிவானால் மிராசுதார் வெளியேற்ற முடியாது. கூலியாள் என்றால் மறுநாளே வெளியேற்றலாம். வாய்மொழிக் குத்தகைக்கு ரசீது ஏது? குத்தகைதாரரையும் கூலியாளையும் பிரிக்க எளிய விதி ஒன்று வேண்டும் என்றார் மேலதிகாரி.

பூதலூர்ப் பக்கம் ஏற்கெனவே தீர்ப்பான மனுக்களை எடுத்துக்கொண்டேன். எத்தனை வருஷச் சாகுபடி, விதை யாருடையது, குடிசை யார் மனையில், உழவு மாடு உண்டா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் வைத்துக் கூட்டினேன். கூட்டுத்தொகை ஒரு கோட்டுக்கு மேலே போனால் குத்தகைதாரர், கீழே நின்றால் கூலியாள். இருவரையும் நன்றாகப் பிரித்துக் காட்டியது மாடுதான். அதற்கே பெரிய மதிப்பெண் கொடுத்தேன்.

பிறகு திருத்துறைப்பூண்டி மனுக்களில் போட்டுப் பார்த்தேன். குத்தகைதாரர்கள் பலர் கோட்டுக்குக் கீழே விழுந்தார்கள். காரணம் எனக்குத் தெரியும். நான் பிறந்த பக்கம் அது. அங்கே மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு ஜோடி மாடு வைத்திருப்பார்கள். மாடு ஒரு வீட்டுக் கொட்டகையில் நிற்கும். மற்றவர்கள் வைக்கோல் கொடுப்பார்கள். விசாரிக்கப் போகிறவர் கொட்டகையைப் பார்த்துத்தான் எழுதுவார்.

மேலதிகாரியிடம் சொன்னேன். "தாலுகாவுக்கு ஒரு கோடு போட்டா ஆபீஸ் நடத்த முடியாது. கோலப்போட்டிதான் நடத்தணும்" என்றார். எனக்குப் பதவி உயர்வு நெருங்கியிருந்தது. அந்தச் சோதனைத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, விதி எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று எழுதினேன்.

சில மாதம் கழித்து, மனு தள்ளுபடியான ஒரு விதவை திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து அலுவலகத்துக்கு வந்தாள். கோட்டுக்கு ஒரு மதிப்பெண் கீழே இருந்தாள்.

"மாடு பக்கத்து வீட்டுக் கொட்டாயில நிக்குதுங்க. வைக்கோல் போடுறது நானு. வந்து பாருங்க, என்னைக் கண்டா எழுந்து நிக்கும்."

"அது கணக்குல வராதும்மா" என்றேன்.

பதவி உயர்வு வந்தது. எட்டு வருஷம் கழித்து, கிழித்த தாளில் இருந்த கணக்கைப் பழைய மனுக்களை வைத்து மறுபடி போட்டு, என் தவறையும் எழுதி மேலே அனுப்பினேன். மேல்முறையீட்டுக் காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். மாடு யார் கொட்டகையில் நின்றதோ அவர் குத்தகைதாரராகப் பதிவாகியிருந்தார். அவர் வயலில் அவள் கூலிக்கு நடவு நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கே வந்து பாருங்கன்னு சொன்னேனேங்க" என்றாள். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து நடத் தொடங்கினாள்.