பொஹோயிகியில் புதிதாய்ப் பிறந்த கரை

கபுவாவும் நானும் எங்கள் எரிமலைத் தீவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள். பதினெட்டு வருடப் பழக்கம். அவள் கணவன் வென்டல், பொஹோயிகி படகுத்துறையிலிருந்து மீன்பிடிக்கப் போகிறவன்.

எரிமலைக் குழம்பு அவர்கள் தெருவுக்குத் திரும்பிய அன்று, சாமான்களை வண்டியில் ஏற்ற நானும் போயிருந்தேன். எல்லாம் ஏற்றியாயிற்று. கபுவாவை மட்டும் காணோம். உள்ளே எட்டிப் பார்த்தால், தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. மேசைமேல் ஒரு கொத்து செம்பருத்தி.

வென்டல் வாசலில் நின்று கத்தினான். "வர்றது நெருப்புடி! அதுக்குப் போயி தரை துடைக்கிறியே!"

"வர்றது நம்ம எரிமலைத் தாய் பெலே. நம்ம வீட்டுக்கு வர்ற தெய்வம் அழுக்குல கால வைக்கணுமா?"

மூன்றாம் நாள் வீடு போய்விட்டது. குழம்பு அதன்மேல் ஏறி, அப்படியே கடலுக்கு இறங்கியது. அதன்பின் ஏழு மாதம் அவள் தங்கை வீட்டு வண்டிக்கூடத்தில் குடித்தனம். கபுவா அழவில்லை. ஊர்ப் பேரைக்கூட வாயால் சொல்லவில்லை. பொஹோயிகியில் புதிதாக மணல் கரை ஒதுங்கியிருக்கிறது என்று யாரோ சொன்னபோது, "அங்க ஏது மணல்? வெறும் பாறை" என்று எழுந்து போய்விட்டாள்.

டிசம்பரில், குழம்பு மூடிய கரைப் பாதையை வெட்டித் திறந்தார்கள். வென்டல் கெஞ்சிக் கூத்தாடி அவளை வண்டியில் ஏற்றினான். துணைக்கு நான். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் கருங்குழம்பு உறைந்து கிடந்தது. மழை ஈரத்தில் அங்கங்கே ஆவி கிளம்பியது. கபுவா சன்னலை ஏற்றிவிட்டு மடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இறங்கினோம். மூவரும் அப்படியே நின்றுவிட்டோம்.

அலை மோதும் பாறை இருந்த இடத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம் கறுப்பு மணல். ஒவ்வொரு அலையும் வடியும்போது கரை முழுக்க மினுங்கியது. படகுத்துறையைக் கடலிடமிருந்து மணல் மொத்தமாக மறித்து, உள்ளே ஒரு குளம் தேங்கியிருந்தது.

வென்டல் தலையில் கை வைத்தான். "பொழப்புல மண்ணு விழுந்துச்சுன்னு ஊர்ல சொல்லுவாங்க. எனக்கு நெசமாவே விழுந்திருக்கு பாரு."

கபுவா சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். குனிந்து ஒரு பிடி அள்ளினாள். கண்ணாடித் தூள் மாதிரி முனை மழுங்காத மணல்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"குழம்பு கடல்ல விழுந்ததும் வெடிச்சுச் சிதறுதில்ல?" என்றான் வென்டல். "அதை அலை இழுத்துட்டு வந்து போட்டிருக்கு."

"நம்ம வீட்டு மேல ஏறின குழம்பா?"

"அதுவும்தான்."

"அப்ப நம்ம வீடும் இதுல இருக்குமா?"

"இருக்கும். உன்னோட ஓட்டை குக்கரும் இருக்கும்."

"ஓட்டையா? அதுல ஆக்கின சோத்த மூணு தட்டு தின்னவன் நீ!" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "இந்தக் கரைக்கு என்ன வயசு, வென்டல்?"

"நாலஞ்சு மாசம்."

"எனக்கு அம்பத்தேழு." சுற்றுமுற்றும் பார்த்தாள். "நிலத்தவிட நான் மூத்தவ. எங்கயாவது உண்டா இப்படி?"

அவள் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் மணலில் பதித்தாள். வெயிலேறிய மணல் கதகதவென்று இருந்தது. ஏழு மாதத்து அழுகை அப்போதுதான் வந்தது. வென்டல் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். பெலேயின் மண்ணை யாரும் எடுத்துப்போகக் கூடாது. ஒரு மணல்கூட ஒட்டாதபடி, எழுந்ததும் கையை நன்றாகத் தட்டிக்கொண்டாள்.

இப்போது அவர்களுக்கு மேட்டுப் பக்கம் ஒரு சின்ன வீடு. வென்டல் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி ஹிலோ துறைமுகத்துக்குப் போய்ப் படகை இறக்குகிறான், திட்டிக்கொண்டே. ஞாயிறு தவறாமல் கபுவா கரைக்குப் போவாள். சில சமயம் நானும்.

போன வாரம் கூட வந்த வென்டல் கரையின் நடுவில் சட்டென்று நின்றான். "இங்கதான். முன்னே இங்க கடல் நாலு ஆள் ஆழம். இந்த எடத்துக்கு மேல படக நிறுத்தித்தான் நான் தூண்டில் போடுவேன்."

கபுவா காலடியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அங்கேயே பாயை விரித்து, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.